தவம் அண்ணையின் கையும் வதனியின் கோப்பித்தூளும்

போன ஞாயிற்றுக்கிழமை தக்காளிப் பேணி ஒன்றைத் திறக்கப்போய், அதன் மூடி என் சுட்டுவிரலைக் கடித்துவிட்டது. கடித்துவிட்டது என்றுதான் சொல்லவேண்டும். நான் அதை ஒன்றும் செய்யவில்லை, சும்மா கொஞ்சம் வளைத்தேன், அவ்வளவுதான். ரத்தத்தைக் கண்டதும் என் கால்கள் என்னைக் கேட்காமலே கோப்பித்தூள் வைக்கிற தட்டுக்கு நடந்தன. அங்கே தூள் இல்லை. எங்கள் வீட்டில் இப்போது கோப்பி மெஷினுக்குள் போடுகிற சின்னச் சின்னக் கிண்ணங்களில் வருகிறது. பச்சை, ஊதா, பொன் நிறம் என்று கலியாண வீட்டு இனிப்பு மாதிரிப் பளபளக்கும். ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டு, ஊதாக் கிண்ணம் ஒன்றைப் பல்லால் கடித்துத் திறந்துகொண்டிருந்தபோது மகள் வந்து நின்றாள்.

பதின்மூன்று வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் டெனிஷில் பதில் சொல்லுவாள். இரண்டு பேருக்கும் இது பழகிவிட்டது.

என்ன செய்கிறாய் என்று டெனிஷில் கேட்டாள்.

"மருந்து போடப் போறன்."

"அது கோப்பி."

"ஓம். அதைத்தான் சொல்லுறன்."

அதற்குமேல் என்னோடு கதைத்துப் பயனில்லை என்று முடிவெடுத்தவள் மாதிரி, என் கையைப் பிடித்துக் குழாய்த் தண்ணீருக்குள் வைத்தாள். பிறகு சுத்தமான துணியால் அமத்தினாள். மணிக்கூட்டைப் பார்த்தாள். பத்து நிமிஷம் அப்படியே பிடிக்கவேண்டுமாம், இடையில் எடுத்து எட்டிப் பார்க்கக்கூடாதாம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்தார்களாம்.

குசினிக்குள் பத்து நிமிஷம் விரலைப் பிடித்துக்கொண்டு நிற்கிற மனிசனுக்கு வேறென்ன வேலை? உதட்டில் ஒட்டியிருந்த தூளை நாக்கால் துடைத்தேன். கசப்பு இருந்தது. மிளகு இல்லை. மிளகு இல்லையே என்று நினைத்த உடனே எனக்குத் தவம் அண்ணை வந்துவிட்டார், இடது கையை உயர்த்திப் பிடித்தபடி.

அது 2009 வைகாசி, ஊரில் போர் முடிகிற நாட்கள். நான் டென்மார்க்கில், சில்க்போர்க் என்ற ஊரில், ஒரு யன்னல் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தேன். தனிக்கட்டை. டெனிஷ் அரைகுறை, சமையல் அதிலும் குறை. வேலை எடுத்துத் தந்தவர் தவம் அண்ணை. எடுத்துத் தந்ததற்குத் தண்டனையாக ஒவ்வொரு சனிக்கிழமையும் மத்தியானம் அவர் வீட்டில் போய் நான் சாப்பிடுவேன். அவரிடம் எதற்கும் ஒரு வசனம் இருக்கும். டென்மார்க் வெயிலைப் பற்றிக் கேட்டால், "அது வரும் தம்பி, ஆனா கோட்டைக் கழட்டாது. நிண்டபடி கதைச்சுப்போட்டுப் போயிடும்" என்பார். எங்கள் மேற்பார்வையாளரைப் பற்றிக் கேட்டால், "நல்ல மனிசன், தூரத்தில நிக்கேக்க" என்பார். இவற்றையெல்லாம் நான் அப்போது ஒரு கொப்பியில் எழுதி வைத்தேன். கொப்பி தொலைந்துவிட்டது, வசனங்கள் கிடக்கின்றன.

ஆனால் அந்த மாதம் அவரிடமிருந்து ஒரு வசனமும் வரவில்லை. எங்கள் ஆட்கள் எல்லோருக்கும் அப்படித்தான். உடம்பு தொழிற்சாலையில் நிற்கும், காது தொலைபேசியில் கிடக்கும். அவருடைய ஒரே தங்கை வதனியும் அவளுடைய குடும்பமும் வன்னிக்குள் அகப்பட்டிருந்தார்கள். கடைசியாக அவள் எடுத்தது தைப்பொங்கலுக்கு முதல்நாள். அதன்பிறகு நாலு மாதம் ஒரு சத்தமும் இல்லை. அவளுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது ஒரேயொரு எண், தவம் அண்ணையின் வீட்டுத் தொலைபேசியின் எட்டு இலக்கம். இடையில் சண்டை நின்ற சமாதான காலத்தில் இவர் ஊருக்குப் போனபோது, வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிச் சொல்லிப் பாடமாக்கிக் கொடுத்துவிட்டு வந்தவர். பால் நிறத்தில், சுருள் வயரோடு, குசினி வாசல் சுவரில் மாட்டியிருந்த அந்தத் தொலைபேசியை அந்த நாலு மாதமும் ஒரு நிமிஷம்கூட அவர்கள் தனியே விடவில்லை. கிழமை நாட்களில் அவருடைய மனைவி மலர் அக்கா காவல், சனி ஞாயிறு அண்ணை காவல்.

அந்தச் சனிக்கிழமை நான் பதினொரு மணிபோல் போனேன். கதவைத் திறந்த மலர் அக்கா, "வா, வா. மீன் வெட்டேல்லை. மனிசனைத்தான் வெட்டி வைச்சிருக்கு" என்றா.

தவம் அண்ணை தொலைபேசிக்குக் கீழே கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். இடது கையில் குசினித் துணி சுற்றியிருந்தது. வீடு முழுக்கக் கோப்பி மணம்.

"என்னண்ணை நடந்தது?"

"உறைஞ்ச மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். போன் அடிச்சுது. வதனி எண்டு திரும்பினன். நான் திரும்பினன், கத்தி திரும்பேல்லை."

"வதனி அக்காவோ?"

"இல்லையடா. வீட்டுக்குப் பேப்பர் போடட்டோ எண்டு ஒரு டெனிஷ் பொடியன். ரத்தம் ஓடிக்கொண்டிருக்கு, நான் வேண்டாம், நன்றி எண்டு மரியாதையாச் சொல்லிப்போட்டு வைச்சனான்."

"அந்த மரியாதையை ஒருநாளாவது என்னோட கதைக்கேக்க காட்டியிருக்கிறியளோ?" என்று அக்கா கேட்டா.

வெட்டுப்பட்டது காலை பத்து மணிக்கு. பத்தேகாலுக்கு வைத்தியம் முடிந்துவிட்டது. எங்கள் வீடுகளில் வைத்தியம் என்றால் உனக்குத் தெரியும்தானே, கோப்பித்தூள். தோல் சீவினாலும் தூள், எலும்பு தெரிந்தாலும் தூள். ஆனால் டெனிஷ் கடைக் கோப்பியில் அக்காவுக்கு நம்பிக்கையில்லை. "அது சப்பைத் தூள். ரத்தம் அதுக்குப் பயப்பிடாது." அதனால் மேல்தட்டில் ஏறி, சமாதான காலத்தில் வதனி வறுத்து இடித்து அண்ணையிடம் கொடுத்துவிட்ட பேணியை எடுத்திருக்கிறா. பழைய பால்மாப் பேணி. மேலே பிளாஸ்ரர் ஒட்டி, 'அண்ணாக்கு' என்று பேனையால் எழுதியிருக்கும். மல்லி, சுக்கு, மிளகு எல்லாம் சேர்த்து இடித்த தூள். தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் ஆளுக்கு ஒரு சிட்டிகை போட்டு, ஐந்தாறு வருஷம் காத்துவந்த தூளில் மிச்சமிருந்தது இரண்டு கரண்டி. அந்த இரண்டு கரண்டியையும் அப்படியே வெட்டுக்குள் வைத்து அமத்தியிருக்கிறா.

"மிளகு, தம்பி" என்றார் தவம் அண்ணை. "வெட்டு நோகேல்லை. அதுக்குப் பிறகுதான் நொந்தது. எனக்குச் செத்துப்போன எங்கட அப்பாவே வந்து எழும்பி நிண்ட மாதிரி இருந்தது."

"நீங்கள் போட்ட சத்தத்தில வந்தாலும் வருவார்" என்றா அக்கா.

துணியை விலக்கிக் காட்டினார். நான் பார்த்தேன். பிறகு உட்கார ஒரு கதிரை பார்த்தேன். பெருவிரலுக்குக் கீழே, உள்ளங்கைப் பக்கமாக, ஒரு சின்ன வாய். அது மூடவில்லை. கறுப்புத் தூள் மேலே காய்ந்து வெடித்துக் கிடந்தது, வெடிப்புகளுக்குள்ளால் ரத்தம் தன்பாட்டில் வந்துகொண்டிருந்தது. இரண்டு பேரும் என் அபிப்பிராயத்தை எதிர்பார்த்தார்கள். நான் தண்ணீர் கேட்டேன்.

பீற்றர் அண்ணைக்கு அறிவித்தோம். அவர் மட்டக்களப்புக்காரர். இங்கே வயதானவர்களைப் பராமரிக்கிற இல்லத்தில் வேலை. அந்த ஒரு காரணத்துக்காக எங்கள் ஊர்த் தமிழர் அவரை அரை டொக்டர் என்று நியமித்துவிட்டார்கள். கலியாண வீட்டில் பந்தியில் இருக்கிற மனிசனிடம் எக்ஸ்ரே படத்தைக் கொண்டுபோய் நீட்டுவார்கள். "ஐயோ, நான் அங்க கஞ்சி பருக்கிற ஆளுங்க" என்று அவரும் கும்பிடாத குறையாகச் சொல்லுவார். பிறகு படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கவும் பார்ப்பார்.

வந்தார். கையைப் பார்த்தார்.

"தவம், இது தைக்கவேணும். எழும்புங்க."

"தூள் பிடிச்சிட்டுது பீற்றர்."

"பிடிக்கல்ல. மேல காஞ்சு கிடக்கு, கீழ ஓடுது. கஞ்சி பருக்கிறவனுக்கே தெரியுது."

"பின்னேரம் பாப்பம்."

பீற்றர் அண்ணை மேலே கதைக்கவில்லை. தன் கைத்தொலைபேசியை எடுத்து, விடுமுறை நாள் டொக்டருக்கு அடித்தார். வீட்டுத் தொலைபேசியைத் தொட அவருக்கும் அனுமதியில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி சத்தத்தைக் கூட்டி மேசையில் வைத்தார். ஒரு தாதி எடுத்தா. அவசரமேயில்லாத குரல். எத்தனை மணிக்கு வெட்டியது? வாய் பிளந்து நிற்கிறதா? பதினைந்து நிமிஷம் அமத்திப் பிடித்தும் ரத்தம் நிற்கவில்லையா? விரலை மடக்க முடிகிறதா? நுனியில் தொட்டால் தெரிகிறதா? கடைசியாக, காயத்துக்குள் ஏதாவது இருக்கிறதா?

நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

"கோப்பி" என்றார் பீற்றர் அண்ணை.

கோப்பி தவறி ஊற்றுப்பட்டதா என்று தாதி கேட்டா.

"இல்லை. வைச்சது."

"மிளகையும் சொல்லுங்கோ பீற்றர்" என்று அக்கா மெல்லச் சொன்னா. "பிறகு நாங்கள் மறைச்சதெண்டு வரக்கூடாது."

சொன்னார். உடனே வரச்சொல்லிப் பதில் வந்தது. இப்படிப்பட்ட வெட்டைக் கூடியவரை ஆறு மணித்தியாலத்துக்குள் தைக்கவேண்டும், அதற்குமேல் போனால் கிருமி உள்ளே இருந்துவிடும், மூடித் தைக்கவே யோசிப்பார்கள் என்றா. நான் மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு.

"நான் வரேல்லை" என்றார் தவம் அண்ணை.

இங்கேதான் சிரிப்பு கொஞ்சம் நின்றது. மனிசன் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நாலு மாதம் இருந்திட்டன். இண்டைக்கு நான் எழும்பிப் போற நேரம் பாத்து அவள் எடுத்தாளெண்டா? ஆரின்ரயோ காலில விழுந்து வாங்கின போனாத்தான் இருக்கும். ரெண்டாந்தரம் தருவினமோ?"

வீட்டு எண்ணுக்கு வருகிற அழைப்பைக் கைத்தொலைபேசிக்குத் திருப்பிவிடலாம் என்று பீற்றர் அண்ணை சொன்னார். அண்ணைக்கு அது பிடிக்கவில்லை. "அவள் அடிக்க, லைன் அங்க சுத்தி இஞ்ச சுத்தி எங்கயாவது நிண்டிட்டா?"

"கை போனா, போனை எதால தூக்குவியள்?" என்றா அக்கா.

"மற்றக் கை இருக்கு."

"எனக்குத் தெரியும், இவருக்கு ஊசிக்குப் பயம்."

"இருக்கட்டும். அதுவும் இருக்கட்டும்."

"பெருவிரலை மடக்குங்க பாப்பம்" என்றார் பீற்றர் அண்ணை.

மடக்கினார். மற்ற நாலு விரலும் மடங்கின. பெருவிரல் வரவில்லை. முகம் சுருங்கச் சுருங்க முயன்றார், அது தன்பாட்டில் நின்றது. யன்னல் சட்டம் பூட்டுகிற மனிசன் அவர்.

அக்கா அவருக்கு முன்னால் போய் நின்றா. குரலும் மாறிவிட்டது. "வதனி எடுப்பாள். எடுத்துக் கேட்டா நான் என்ன சொல்லுறது? நீ அண்ணாக்கெண்டு ஆசையா இடிச்சுத் தந்த தூளாலதான் கொண்ணையின்ர கை போனதெண்டு சொல்லவோ?"

தவம் அண்ணை எழும்பிவிட்டார்.

ஆனால் அக்காவும் கூடப் போகவேண்டும், இல்லாவிட்டால் பாதி வழியில் காரை நிறுத்தி இறங்கி ஓடிவந்துவிடுவார். ஆகவே காவலுக்கு நான். தொலைபேசிக்குக் கீழே என்னை இருத்திவைத்துப் பாடம் எடுத்தார். "மூண்டாவது மணி அடிக்கிறதுக்குள்ள எடு. 'அண்ணா வீடு' எண்டு சொல்லு, அப்பதான் அவளுக்குச் சரியான இடமெண்டு விளங்கும். மூண்டு கேள்வி. எங்க நிக்கிறாள், ஆர் ஆர் இருக்கினம், எந்த நம்பருக்கு நாங்கள் எடுக்கிறது. சொல்லு பாப்பம்." சொன்னேன். காருக்குள் ஏறிய பிறகும் கண்ணாடியை இறக்கி, "திருப்பிச் சொல்லு!" என்றார். வாசலில் நின்று சொன்னேன். பக்கத்து வீட்டில் புல் வெட்டிக்கொண்டிருந்த டெனிஷ்காரர் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

தனியே இருந்தேன். மீன் கழுவுதொட்டிக்குள் உருகிக்கொண்டிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், எனக்கு நல்ல பசி. கொஞ்சம் பாண் எடுக்கலாமா என்று எழும்பினேன், பிறகு மூன்றாவது மணி ஞாபகம் வந்து உட்கார்ந்தேன். எழும்பினேன், உட்கார்ந்தேன். அப்படி எழும்பின நேரங்களில் ஒன்றில்தான் அது அடித்தது.

"அண்ணா வீடு!" என்று கத்தினேன்.

இரைச்சல். பிறகு ஒரு பெண் குரல். "ஆர் கதைக்கிறது?"

"நான் அண்ணையோட வேலை செய்யிறனான்."

"அண்ணா எங்க?"

"அண்ணை ஆஸ்பத்திரியில."

வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை. அந்தக் கிழமை அந்த மண்ணிலிருந்து வந்த ஒருத்தியிடம் நான் தெரிந்தெடுத்துச் சொன்ன வசனம் அது. "ஐயோ அண்ணா!" என்று ஒரு குரல் எழும்பியது. "எங்க பட்டது? எங்க பட்டது அவருக்கு?"

"படேல்லை அக்கா, படேல்லை. மீன் வெட்டினவர். கையில கத்தி."

"எந்தக் கை? எந்த இடம்?"

"இடது கை. பெருவிரலடி."

"வாய் பிளந்து நிண்டதோ?"

"ஓம்."

"அமத்திப் பிடிச்சும் நிக்கேல்லையோ? விரல் மடங்குதோ? நுனி விறைச்சுக் கிடக்கோ? எத்தினை மணிக்கு வெட்டினது, எத்தினை மணிக்குக் கொண்டுபோனவை?"

ஒன்றுவிடாமல் தாதி கேட்ட கேள்விகள். தாதி ஆறுதலாகக் கேட்டா, இவ மூச்சுவிடாமல் கேட்டா. நான் எழும்பி நின்றுகொண்டு, பரீட்சை மாதிரி ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். வதனி அக்கா ஊரில் ஒரு சின்னப் பலசரக்குக் கடை நடத்தியவ. எந்த வெட்டுத் தானாக மூடும், எது மூடாது என்று அவவுக்கு யார் படிப்பித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

"காயத்துக்கு என்ன வைச்சனீங்கள்?"

"கோப்பித்தூள். நீங்கள் அனுப்பின பேணி."

லைன் போய்விட்டது என்று நினைத்தேன்.

"அதை இன்னும் வைச்சிருந்தவரோ? ஐயோ, அது அவருக்குத் தடிமன் சளிக்கெண்டு மிளகை ரெண்டு பங்காப் போட்டு இடிச்சதெல்லோ!" சொல்லிவிட்டுச் சிரித்தா. நம்பமாட்டாய், சிரித்தா. அடக்கப் பார்த்து, அடங்காமல், திரும்பவும் சிரித்தா. பின்னால் யாரோ அவசரப்படுத்துகிற சத்தம். "போன் தந்தவை கேக்கினம். நானும் பிள்ளையளும் முகாமில இருக்கிறம் எண்டு சொல்லுங்கோ. அந்தக் கையை உயத்தி வைச்சிருக்கச் சொல்..."

அவ்வளவுதான். குர்ர் என்ற சத்தத்தைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன். மூன்று கேள்விகளில் நான் ஒன்றைக்கூடக் கேட்கவில்லை.

நாலு மணிக்கு வந்தார்கள். எட்டுத் தையல். தசைநார் பாதி வெட்டுப்பட்டிருந்ததாம், முழுக்க அறவில்லையாம், அதையும் தைத்தார்களாம். பீற்றர் அண்ணை செருப்பைக் கழற்றிக்கொண்டே கதையைத் தொடங்கிவிட்டார். தூளைக் கழுவி எடுக்கவே அரை மணித்தியாலமாம். பக்கத்து அறைத் தாதிமார் ஒவ்வொருவராக வந்து மணந்து பார்த்தார்களாம், கிறிஸ்மஸ் பிஸ்கட் மணக்குது என்று ஒருத்தி சொன்னாளாம். தவம் அண்ணை அதொன்றையும் கேட்கவில்லை. என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தவளோ?"

"ஓம்."

கதிரையில் இருந்துவிட்டார். "எங்க நிக்கிறாள்?"

"முகாமிலயாம்."

"ஆர் ஆர்?"

"தானும் பிள்ளையளுமாம்."

அக்கா அண்ணையைப் பார்த்தா. அந்தப் பதிலில் வராத ஒரு பெயர் இருந்தது, வதனியின் புருஷன். ஒருவரும் அதைச் சொல்லவில்லை.

"நம்பர்?"

"கேக்கேல்லை அண்ணை. அவ உங்கட கையைப் பற்றித்தான் முழுக்கக் கேட்டவ. கையை உயத்தி வைச்சிருக்கட்டாம்." ஏச்சு வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்லவேண்டும்போல இருந்தது. "மிளகுக் கதை சொல்லச் சிரிச்சவ."

"சிரிச்சவளோ?"

"ஓம்."

"எப்பிடிச் சிரிச்சவள்?"

இதற்கு என்ன பதில் சொல்ல? சிரித்துக் காட்டினேன். ஒரு இளந்தாரி, பொம்பிளைக் குரலில், பசி வயிற்றோடு.

"அப்பிடியில்லை" என்றா அக்கா. "அவள் மூக்காலயெல்லோ சிரிக்கிறவள்."

மூக்கால் சிரித்தேன். "இது சளி" என்றார் பீற்றர் அண்ணை, வதனியை வாழ்நாளில் கண்டிராதவர். தவம் அண்ணை கையால் எங்களை நிறுத்தினார். "நான் காட்டுறன்." முதலில் மூச்சை இழுத்து, வாயை மூடி, பிறகு அடக்கமாட்டாமல் உடைகிற ஒரு சிரிப்பு. அதேதான். "ஓம் அண்ணை, அதுதான், அதேதான்!" என்று நான் துள்ளினேன். இன்னொருதரம் சிரித்தார். இன்னொருதரம். பிறகு அவருக்கு நிறுத்த முடியவில்லை. முகம் நனைந்து சட்டையெல்லாம் நனைந்தது, அவள் சொன்னபடி அந்த வெள்ளைக் கட்டுப் போட்ட கை மட்டும் தலைக்கு மேலே நின்றது.

மீனைப் பீற்றர் அண்ணைதான் வெட்டினார். ஆறு மணிக்குச் சாப்பிட்டோம். தொலைபேசி அடித்தால் யார் எழும்புவது என்பதில் மட்டும் எனக்கு இடமில்லை என்று தீர்மானமாயிற்று.

ஒன்பது நாள் கழித்து வதனி அக்கா திரும்ப எடுத்தா, எண்ணோடு. சொல்லாமல் விட்டதையும் அன்றைக்குச் சொன்னா. அண்ணையின் பெருவிரல் முக்கால்வாசி மடங்கும், யன்னல் பூட்ட அது போதும். கழுவிக் கழுவியும் வராத ஒரு தூள் மட்டும் தழும்புக்குள் தங்கிவிட்டது, கறுப்பாக, கடுகளவு. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவார். "இது என்ர தங்கச்சி அனுப்பினது" என்பார்.

இப்போது வதனி அக்கா கைத்தொலைபேசியில் முகம் காட்டி ஒரு நாளைக்கு மூன்று தரம் எடுக்கிறா. "பிறகு எடுக்கிறனெண்டு சொல்லு" என்று அண்ணை சோபாவில் படுத்தபடி மலர் அக்காவுக்குக் கை காட்டுவார். அன்றைக்கு அவரைக் கொண்டுபோன ஆஸ்பத்திரிக் காயப் பிரிவை மூடிவிட்டார்கள், வேறு ஊருக்குத்தான் ஓடவேண்டும். பழைய வயர்கள் இனிமேல் வேலை செய்யாது என்று தொலைபேசிக் கொம்பனிக்காரர் கடிதம் போட்டார்கள், அந்தச் சுவரில் இப்போது நாலு ஆணி ஓட்டை மட்டும்தான். அந்த எட்டு இலக்கமும் எனக்கு இன்னும் பாடம். அடித்தால் ஒரு டெனிஷ் குரல், அப்படியொரு எண் இல்லை என்கிறது.

பத்து நிமிஷம் முடிந்து மகள் துணியை எடுத்தாள். ரத்தம் நின்றிருந்தது. பிளாஸ்ரர் ஒட்டிவிட்டு, கடித்த கோப்பிக் கிண்ணத்தைக் குப்பையில் போட்டாள். நான் தவம் அண்ணைக்கு எடுத்தேன்.

"அண்ணை, விரலை வெட்டிப்போட்டன்."

"வாய் பிளந்திருக்கோ?"

"இல்லை."

"மடங்குதோ?"

"மடங்குது."

"தூள் வைச்சனியோ?"

"வீட்டில தூள் இல்லை அண்ணை. உங்களிட்ட இருக்கோ?"

"பேணி கிடக்கு. மலர் அதுக்குள்ள பொத்தான் போட்டு வைச்சிருக்கிறா." பிறகு சொன்னார், "என்ர கையில அந்தக் கறுப்புப் புள்ளி கிடந்தது, ஞாபகம் இருக்கோ? நேற்று யன்னலடியில, வெளிச்சத்தில வைச்சு நல்லாத் தேடினனான் தம்பி. காணேல்லை."